டி.என்.ஏ. மடிப்பும் புற்றுநோயும்: ‘ரோபோ’ செய்தியில் எவ்வளவு உண்மை?

‘டி.என்.ஏ. ரோபோ புற்றுநோயைத் தேடிப்பிடித்து அழிக்கிறது’ என்ற செய்தி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது புதிய படத்தோடு வலம் வருகிறது. எஃகுக் கால்கள் கொண்ட சிலந்தி போன்ற ஓர் எந்திரம் இரத்தக் குழாய்க்குள் நீந்துவதாக அந்தப் படத்தில் வரைந்திருப்பார்கள். நகரின் சாட்ஸ்வர்த் பகுதியிலோ ஃபீனிக்ஸ் பகுதியிலோ, கீமோதெரபிக்கு நாள் குறித்திருக்கும் ஒருவரின் வீட்டில் அதைப் படிப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. இந்த மருந்து எப்போது கிடைக்கும்? அது வரும்வரை இப்போதைய சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

இரண்டாவது கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: தள்ளிப்போடக் கூடாது. டி.என்.ஏ. இழையை மடித்துச் செய்த எந்தப் புற்றுநோய் மருந்தும் இதுவரை விற்பனைக்கு அனுமதி பெறவில்லை. ஆனாலும் அந்தச் செய்தி முழுப் பொய் அல்ல. எது நடந்தது, எந்த உயிரினத்தில் நடந்தது, மனித உடலுக்குள் வரும்போது எது குறுக்கே நிற்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்த்தால்தான் முதல் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும்.

மரபுப் பொருள் கட்டுமானப் பொருளாகிறது

டி.என்.ஏ. என்றதும் தாய் தந்தையரிடமிருந்து வரும் மரபுச் செய்தி நினைவுக்கு வருகிறது. டி.என்.ஏ. நானோ தொழில்நுட்பம் என்ற இத்துறையினர் அந்தச் செய்தியை ஒதுக்கிவிட்டு, அதைச் சுமக்கும் இழையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். தச்சருக்கு மரம் எப்படியோ, அவர்களுக்கு டி.என்.ஏ. அப்படி. இந்தப் பொருளைத் தேர்ந்தெடுக்க மூன்று காரணங்கள் உண்டு.

1. இணை சேரும் விதி உறுதியானது. டி.என்.ஏ. இழையில் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன் என்ற நான்கு காரங்கள் வரிசையாக இருக்கின்றன. அடினைன் தைமினோடும், குவானைன் சைட்டோசைனோடும் இணை சேர்கின்றன. ஓர் இழையின் வரிசை தெரிந்தால், அதனோடு ஒட்டும் மற்றோர் இழையை எழுத்துக்கு எழுத்து எழுதிவிடலாம்.

2. அளவு முன்கூட்டியே தெரியும். இரட்டை இழையின் தடிமன் சுமார் 2 நானோமீட்டர். ஓர் இணைக்கும் அடுத்த இணைக்கும் இடையே சுமார் 0.34 நானோமீட்டர் இடைவெளி. ஏறத்தாழ 10.5 இணைகளுக்கு ஒருமுறை இழை ஒரு முழுச் சுற்று திரும்புகிறது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய அளவுகள் முன்பே தெரிந்திருப்பதால், கட்டடத்துக்கு வரைபடம் போடுவதுபோல மூலக்கூறுக்கும் வரைபடம் போட முடிகிறது.

3. விரும்பிய வரிசையில் குட்டை இழைகளை வேதியியல் முறையில் செய்து தரும் நிறுவனங்கள் இப்போது பல நாடுகளில் உள்ளன. ஆய்வாளர் வரிசையை எழுதி அனுப்பினால், சில நாட்களில் இழைகள் சிறு குப்பிகளில் வந்து சேர்கின்றன.

இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு பண்பு, தானே கூடுதல். இந்தப் பண்பை விளங்கச் செய்தவர்களில் ஒருவர் நம் டர்பனில் வளர்ந்தவர். லித்துவேனியாவில் பிறந்து, இரண்டு வயதில் பெற்றோருடன் இங்கு வந்து, டர்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஆரன் குளுக், பின்னர் இலண்டனில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினோடு சேர்ந்து புகையிலைத் தேமல் வைரசின் அமைப்பை ஆராய்ந்தார். அந்த வைரஸ் 300 நானோமீட்டர் நீளமுள்ள ஒரு குழல். சுமார் 2,130 புரதத் துண்டுகள் ஓர் ஆர்.என்.ஏ. இழையை (டி.என்.ஏ.வுக்கு நெருங்கிய உறவான மரபிழை) சுற்றி அடுக்கி நிற்கின்றன. அவற்றை அடுக்க வெளியிலிருந்து எந்தக் கையும் வேண்டியதில்லை. துண்டுகளையும் இழையையும் தக்க கரைசலில் விட்டால் குழல் தானாகவே உருவாகிறது. அந்த அடுக்கு எந்த இடத்தில் தொடங்குகிறது, எப்படி வளர்கிறது என்பதைக் குளுக்கின் குழுவினர் 1970களில் படிப்படியாக வெளிக்கொணர்ந்தார்கள். நியூக்ளிக் அமிலமும் (டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டுக்கும் பொதுப்பெயர்) புரதமும் சேர்ந்த அமைப்புகளைப் பற்றிய ஆய்வுக்காகவும், மின்னணு நுண்ணோக்கிப் படங்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் முறைக்காகவும் 1982இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1982இல்தான், அமெரிக்காவைச் சேர்ந்த நட்ரியன் சீமன், டி.என்.ஏ. இழைகளைக் கிளைவிடச் செய்து பின்னல்களாக இணைக்கலாம் என்ற கருத்தை வெளியிட்டார். இயற்கை செய்வதை விளக்குவதோடு நில்லாமல், மனிதர் வரைந்த வடிவமும் அதே வழியில் தானே கூட வேண்டும் என்பது அவர் இலக்கு. 1991இல் அவரது குழுவினர் டி.என்.ஏ.வால் ஒரு கனசதுரத்தின் சட்டத்தைக் கட்டினார்கள்.

ஒரிகாமி: ஒரு நீண்ட இழை, இருநூறு குட்டை இழைகள்

சீமனின் முறை அழகானது, ஆனால் உழைப்பு மிகுந்தது. 2006இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பால் ராத்மண்ட் அதை எளிமையாக்கினார். பாக்டீரியாவைத் தாக்கும் எம்13 வைரசிலிருந்து 7,000க்கும் மேற்பட்ட காரங்கள் கொண்ட ஒற்றை இழையை எடுத்து, அதோடு 200க்கும் மேற்பட்ட குட்டை இழைகளைக் கலந்து, சூடாக்கி, மெல்ல ஆறவைத்தார். ஒவ்வொரு குட்டை இழையும் நீண்ட இழையின் தொலைவான இரண்டு மூன்று இடங்களைப் பிடித்து ஒன்றாக இழுக்கிறது. எல்லாம் இழுபட்டு முடியும்போது நீண்ட இழை, திட்டமிட்ட வடிவத்தில் மடிந்து நிற்கிறது. தாள் மடிப்புக் கலையின் ஜப்பானியப் பெயரை ஒட்டி இதற்கு டி.என்.ஏ. ஒரிகாமி என்று பெயர் வந்தது.

நமக்கு இதைவிட நெருங்கிய ஒப்புமை சிக்குக் கோலம். அங்கே ஒரே கோடு எல்லாப் புள்ளிகளையும் வளைத்துச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. கோடு எங்கே வளைய வேண்டும் என்பதைப் புள்ளிகள் தீர்மானிக்கின்றன. எம்13 இழையும் இரு முனைகளும் சேர்ந்த வளையம்தான். குட்டை இழைகள் புள்ளிகளின் வேலையைச் செய்கின்றன. புள்ளிகளை மாற்றினால் கோலம் மாறுவதுபோல, குட்டை இழைகளின் வரிசையை மாற்றினால் அதே நீண்ட இழை சதுரமாகவோ நட்சத்திரமாகவோ உருவெடுக்கும். ஒரு சொட்டுக் கரைசலில் கோடிக்கணக்கான வடிவங்கள் ஒரே நேரத்தில் மடிகின்றன என்பதும், ஒவ்வொரு வடிவத்தின் எந்தப் புள்ளியிலும் விரும்பிய மூலக்கூறு ஒன்றைப் பொருத்தலாம் என்பதும் மருத்துவத்துக்கு மிக முக்கியமானவை.

2009இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூடியுள்ள ஒரு பெட்டியை இப்படி மடித்தார்கள். சரியான ‘சாவி’ இழை வந்து சேர்ந்ததும் மூடி திறந்தது. செய்திகளில் வரும் ‘ரோபோ’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இத்தகைய பெட்டிதான். அதற்குள் மின்கலமோ மோட்டாரோ கிடையாது, அது நீந்துவதும் இல்லை. இரத்தம் கொண்டுபோன இடத்துக்குப் போகிறது. பூட்டுக்கு ஏற்ற சாவி எதிர்ப்பட்டால் திறக்கிறது.

பூட்டைத் திறக்கும் மூன்று சாவிகள்

முதல் சாவி இன்னோர் இழை. பாதி ஒட்டியிருக்கும் இரட்டை இழையின் அருகே, முழுமையாக ஒட்டக்கூடிய மூன்றாவது இழை வந்தால், அது பழைய இழையைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். 2000ஆம் ஆண்டு இந்த இழைப் பெயர்ப்பைக் கொண்டு திறந்து மூடும் டி.என்.ஏ. இடுக்கி ஒன்று செய்யப்பட்டது.

இரண்டாவது சாவி ஒரு புரதம். சில டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. இழைகள் தாமே சுருண்டு மடிந்து, குறிப்பிட்ட ஒரு புரதத்தைக் கவ்விக்கொள்ளும். இவற்றுக்கு ஆப்டமர் என்று பெயர். இலட்சம் கோடிக்கணக்கான வெவ்வேறு இழைகளைப் புரதத்தோடு கலந்து, ஒட்டியவற்றை மட்டும் எடுத்துப் பெருக்கி, மறுபடியும் சலித்தெடுக்கும் முறையை 1990இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. கண்ணின் விழித்திரை நோய் ஒன்றுக்கான ஆப்டமர் மருந்துக்கு 2004இல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. ஆகவே ஆப்டமர் வெறும் கனவு அல்ல.

மூன்றாவது சாவி அமிலத்தன்மை. சைட்டோசைன் மிகுந்த சில இழைகள் அமிலச் சூழலில் தம்முள் மடிந்துகொள்ளும். இதைப் பயன்படுத்தி, உயிருள்ள செல்லுக்குள் அமிலத்தன்மையை அளக்கும் டி.என்.ஏ. கருவியை யமுனா கிருஷ்ணனின் குழுவினர் 2009இல் பெங்களூரில் உருவாக்கினார்கள். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் படித்த அவர் இப்போது சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர். புற்றுநோய்க் கட்டிகள் சர்க்கரையை வேகமாக எரிப்பதால், அவற்றைச் சுற்றியுள்ள திரவம் சாதாரணத் திசுவைவிடச் சற்று அமிலமாக இருக்கும். இந்தச் சிறு வேறுபாடே சிகிச்சையில் ஒரு சாவியாகிறது.

கண்டறிதல்: முதலில் பலன் தரக்கூடிய இடம்

என் கருத்தில், டி.என்.ஏ. நானோ தொழில்நுட்பம் நோயாளிகளுக்கு முதலில் பயன்படப்போவது மருந்தாக அல்ல, பரிசோதனையாகத்தான். காரணம் எளிது. பரிசோதனைக் கருவி உடலுக்குள் போக வேண்டியதில்லை; ஒரு குப்பி இரத்தத்தோடு வெளியிலேயே வேலை முடிந்துவிடும்.

புற்றுநோய்ச் செல்கள் இறக்கும்போது அவற்றின் டி.என்.ஏ. துண்டுகள் இரத்தத்தில் கலக்கின்றன. மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும், சுமார் 22 காரங்கள் மட்டுமே கொண்ட குட்டை இழைகளும் இரத்தத்தில் சுற்றி வருகின்றன. அவற்றுள் சில, குறிப்பாக 21ஆம் எண் இடப்பட்டது, பலவகைப் புற்றுநோய்களில் அளவுக்கு மீறிக் காணப்படுகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்த விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவை இரத்தத்தில் மிகமிகக் குறைவாக இருப்பதே சிக்கல். டி.என்.ஏ. கருவிகள் இதை இரண்டு வழிகளில் எதிர்கொள்கின்றன. ஒன்று, பெருக்கம். சுருண்டு பூட்டிய இரண்டு வகைக் கொண்டைஊசி இழைகள் கரைசலில் காத்திருக்கும். தேடும் இழை ஒன்று வந்து முதல் ஊசியைத் திறந்தால், அது இரண்டாவதைத் திறக்கும், அது மறுபடியும் முதல் வகையைத் திறக்கும். ஒரு தொடுதலில் நீண்ட சங்கிலி வளர்ந்து, ஒளியாகவோ மின்னோட்டமாகவோ அளக்கத்தக்க அளவுக்குப் பெரிதாகிறது. நொதி தேவையில்லாத இந்த முறை 2004இல் வெளிவந்தது. மற்றொன்று, நிற்கும் விதம். தங்கத் தகட்டின்மேல் தனி இழையை ஒட்டினால் அது சாய்ந்து, பக்கத்து இழையோடு சிக்கிக்கொள்ளும். நான்கு முகங்கள் கொண்ட டி.என்.ஏ. பிரமிடின் மூன்று முனைகளைத் தகட்டில் ஊன்றினால், நான்காவது முனையிலுள்ள இழை நிமிர்ந்து நின்று, வந்ததை எளிதில் பிடிக்கும். சீன ஆய்வாளர்கள் இம்முறையை வெகுவாக வளர்த்திருக்கிறார்கள்.

ஆனால் நுட்பமாகப் பிடிப்பது மட்டும் போதாது. பொய் எச்சரிக்கையைக் குறைப்பதுதான் உண்மையான சவால். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம்.

1. ஓர் இலட்சம் பேரில் 500 பேருக்கு ஒரு புற்றுநோய் இருப்பதாகக் கொள்வோம். நோயுள்ளவரை 100க்கு 95 முறை பிடித்து, நோயில்லாதவரை 100க்கு 95 முறை சரியாக விட்டுவிடும் ஒரு சோதனையை அனைவருக்கும் செய்கிறோம்.

2. நோயுள்ள 500 பேரில் 475 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 99,500 பேரில் 4,975 பேருக்கும் ‘இருக்கிறது’ என்று காட்டும். அதாவது, பயமுறுத்தப்பட்ட 5,450 பேரில் உண்மையில் நோயுள்ளவர் 475 பேர்தான். பதினொருவருக்கு ஒருவர் என்ற அளவுகூட இல்லை. மற்றவர்கள் அனைவரும் ஸ்கேனுக்கும் திசுப் பரிசோதனைக்கும் அலைவார்கள்.

3. இப்போது, ஒன்றையொன்று சாராத இரண்டு அடையாளங்களும் சேர்ந்து இருந்தால் மட்டுமே ஒளிரும் ஒரு டி.என்.ஏ. கருவியை எடுத்துக்கொள்வோம். பொய் எச்சரிக்கை 4,975இலிருந்து சுமார் 249ஆகக் குறையும். பிடிபடும் உண்மை நோயாளிகள் 475இலிருந்து சுமார் 451ஆகக் குறைவார்கள்.

மூன்றாவது வரிதான் இத்துறையின் பலம். ‘இதுவும் இருந்து, அதுவும் இருந்தால்’ என்ற தருக்க நிபந்தனையை, கணினிச் சில்லு எதுவும் இல்லாமல், இழைகளின் வரிசையிலேயே எழுதிவிடலாம். ஆனால் விடுபடும் அந்த 24 பேரும் மனிதர்கள். அவர்களில் ஒருவர் நம் வீட்டவராக இருக்கலாம். ஆகவே எத்தனை அடையாளங்களைச் சேர்ப்பது என்பது வேதியியல் மட்டும் முடிவுசெய்யும் விஷயம் அல்ல. நடைமுறையில் இரண்டு அடையாளங்கள் முழுக்கச் சாராமல் இருப்பதும் அரிது. வீக்கமோ தொற்றோ இருந்தால் இரண்டும் சேர்ந்தே உயரலாம். எச்.ஐ.வி.யும் காசநோயும் பரவலாக உள்ள, டர்பன் அமைந்திருக்கும் குவாசுலு-நடால் போன்ற மாகாணத்தில், வேறொரு நாட்டு மக்களிடம் நன்றாக வேலை செய்த சோதனையை மறுபடியும் இங்குள்ளவர்களிடம் சரிபார்க்காமல் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சிகிச்சை: இதுவரை நடந்தவை

தொடக்க முயற்சிகள், ஏற்கெனவே உள்ள மருந்தைச் சுமக்கும் வண்டியாக டி.என்.ஏ.வைப் பயன்படுத்தின. டாக்சோரூபிசின் என்ற சிவப்பு நிறக் கீமோதெரபி மருந்து டி.என்.ஏ. இணைகளின் இடையே நுழைந்து படியும் இயல்புடையது. புற்றுநோய்ச் செல்லை அது கொல்வதற்கு ஒரு காரணமே அதுதான். அந்த இயல்பினால் ஒரிகாமி வடிவத்துக்குள்ளும் அது தானாகவே ஏறிக்கொள்கிறது. இதயத்தைப் பாதிக்கக்கூடிய இந்த மருந்தை வேறு திசுக்களைத் தொடாமல் கட்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே நோக்கம்.

2012இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஷான் டக்ளஸ், இடோ பாச்செலெட், ஜார்ஜ் சர்ச் ஆகியோர் ஒருபடி மேலே சென்றார்கள். சுமார் 45 நானோமீட்டர் நீளமுள்ள, அறுகோண வடிவப் பீப்பாய் ஒன்றை மடித்து, உள்ளே எதிர்பொருள் துண்டுகளை வைத்து, ஆப்டமர் பூட்டுகள் இரண்டை மாட்டினார்கள். இரண்டு சாவிப் புரதங்களும் ஒரே செல்லின்மேல் இருந்தால் மட்டுமே பீப்பாய் திறந்தது. ‘ரோபோ’ என்ற சொல் பரவலானது இதற்குப் பிறகுதான். இது நடந்தது வளர்ப்புத் தட்டிலிருந்த செல்களில்; எந்த விலங்கிலும் அல்ல.

வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் பெரும்பாலானவை 2018ஆம் ஆண்டின் ஓர் ஆய்வைச் சுற்றியே எழுதப்பட்டவை. பெய்ஜிங்கின் தேசிய நானோ அறிவியல் மையமும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த அந்த ஆய்வு, விரிவாகப் பார்க்கத் தகுந்தது.

- 90க்கு 60 நானோமீட்டர் அளவுள்ள ஒரு டி.என்.ஏ. பாயில், த்ராம்பின் என்ற நொதி மூலக்கூறுகளை வைத்தார்கள். த்ராம்பின் இரத்தத்தை உறையச் செய்வது.
- பாயைச் சுருட்டிக் குழலாக்கி, ஓரங்களை ஆப்டமர் பூட்டுகளால் தைத்தார்கள். த்ராம்பின் உள்ளே மறைந்தது.
- அந்த ஆப்டமருக்கான சாவி நியூக்ளியோலின் என்ற புரதம். கட்டிக்குள் ஓடும் இரத்தக் குழாய்களின் உட்சுவரில் அது வெளியே தலைநீட்டுகிறது. அங்கே குழல் விரிந்து, த்ராம்பின் வெளிப்பட்டு, இரத்தம் உறைந்து, கட்டிக்குப் போகும் வழி அடைபடுகிறது.

மார்பகம், சினைப்பை, நுரையீரல், தோல் ஆகிய புற்றுநோய்கள் கொண்ட எலிகளில் இது சோதிக்கப்பட்டது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கொண்ட 8 எலிகளில் 3இல் கட்டி முழுதாக மறைந்தது. இடைநிலை ஆயுள் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) 20.5 நாளிலிருந்து 45 நாளாக நீண்டது. சிறுவகைப் பன்றிகளில் நடந்த பாதுகாப்புச் சோதனையில், உடலின் மற்ற இடங்களில் தேவையற்ற உறைவு காணப்படவில்லை. இந்த முடிவுகளைச் சிறியவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மீதி 5 எலிகளையும் சேர்த்தே செய்தியைப் படிக்க வேண்டும்.

2024இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பியோர்ன் ஹோக்பெர்க்கின் குழுவினர் அமிலச் சாவியைப் பயன்படுத்தினார்கள். செல்லின் மேற்பரப்பில், வெளியிலிருந்து வரும் குறிப்புகளைப் பெறும் ஏற்பிகள் என்ற புரதங்கள் உண்டு. ஆறு சிறு புரதத் துண்டுகள் அறுகோணமாக அமைந்து அவற்றைத் தொட்டால், ஏற்பிகள் ஒன்றுகூடி, செல் தன்னை அழித்துக்கொள்ளும். இந்த ஆயுதம் நல்ல செல்லையும் கொல்லும் என்பதால், அதை டி.என்.ஏ. அமைப்பின் உட்புறம் மறைத்தார்கள். இரத்தத்தின் சாதாரண 7.4 பி.எச். அளவில் (பி.எச். குறையக் குறைய அமிலம் கூடும்) அது மூடியிருந்தது, 6.5 அளவில் திறந்தது. மார்பகக் கட்டி கொண்ட எலிகளில், செயல்படாத வடிவம் பெற்றவற்றோடு ஒப்பிடும்போது கட்டியின் வளர்ச்சி 70 சதவீதம்வரை குறைந்தது.

இன்னொரு பாதை தடுப்பாற்றலைத் தூண்டுவது. அமெரிக்காவின் விஸ் நிறுவன ஆய்வாளர்கள், தடுப்பாற்றலை விழிக்கச் செய்யும் டி.என்.ஏ. துண்டுகளை ஓர் ஒரிகாமிக் கட்டையில் பொருத்தி, அவற்றுக்கிடையே 3.5 நானோமீட்டர் இடைவெளி இருக்கும்போது புற்றுநோயை எதிர்க்கும் வகையான தூண்டல் சிறப்பாக அமைவதை எலிகளில் கண்டார்கள். வேறெந்தப் பொருளாலும் இவ்வளவு துல்லியமாக இடைவெளி வைப்பது கடினம். டி.என்.ஏ.வின் தனிச்சிறப்பு மருந்தைச் சுமப்பதைவிட இத்தகைய அளவு பிசகாத அடுக்கலில்தான் வெளிப்படும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உடல் வைக்கும் தடைகள்

எலியிலிருந்து மனிதருக்கு வரும் வழியில் நிற்கும் தடைகள் கருவியின் வடிவமைப்பைவிட உடலின் இயல்பைச் சார்ந்தவை.

முதல் தடை நொதிகள். அந்நிய டி.என்.ஏ.வைக் கண்டால் வெட்டிப்போடும் நொதிகள் நம் இரத்தத்திலேயே உள்ளன. மேலும், ஒரிகாமி வடிவங்கள் குலையாமல் நிற்கப் பொதுவாக இரத்தத்தில் உள்ளதைவிடப் பலமடங்கு மக்னீசியம் தேவைப்படுகிறது. இதற்காக, புரதத் துண்டும் பாலிமரும் சேர்ந்த ஒரு பூச்சு 2017இல் உருவாக்கப்பட்டது. பூச்சிட்ட வடிவங்கள் நெடுநேரம் தாங்குகின்றன. ஆனால் பூச்சு தடித்தால் பூட்டு சாவியை உணராது. இரண்டுக்கும் நடுவே அளவு பிடிப்பதுதான் வேலை.

இரண்டாவது தடை போய்ச்சேரும் அளவு. எல்லாவகை நானோ துகள்களைப் பற்றியும் பத்தாண்டுக் காலம் வெளிவந்த ஆய்வுகளை 2016இல் கனடா ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தபோது, ஊசியில் செலுத்திய அளவில் கட்டியைச் சென்றடைந்தது இடைநிலையாக 0.7 சதவீதம்தான். கணக்குப் போட்டால் இது வேறொரு விதத்தில் புரியும். ஓர் ஒரிகாமி வடிவத்தின் எடை சுமார் 50 இலட்சம் டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). அப்படியானால் ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ 120 இலட்சம் கோடி வடிவங்கள் இருக்கும். அதில் 0.7 சதவீதம் என்றாலும் 84,000 கோடி. ஒரு சென்டிமீட்டர்க் கட்டியில் உள்ள செல்கள் சுமார் 100 கோடி என்று கொண்டால், செல் ஒன்றுக்கு 800க்கு மேல் கிடைக்கும். எண்ணிக்கை அந்தக் கட்டிக்குப் போதும். கட்டியை அடையாத மீதி 99.3 சதவீதம் எங்கே போகிறது என்பதே கவலை. அது பெரும்பாலும் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் தங்குகிறது. பூட்டு எவ்வளவு நம்பகமானது என்ற கேள்வி உயிர்க்கேள்வி ஆவது இங்கேதான். ஆயிரத்தில் ஒன்று தவறாகத் திறந்தாலும், அந்த உறுப்புகளில் கோடிக்கணக்கானவை திறந்ததாக ஆகும். வீங்கிய திசுவும் சற்று அமிலமாக இருக்கலாம். புதிதாக இரத்தக் குழாய் முளைக்கும் இடங்களிலும் கட்டியின் அடையாளங்கள் சில தோன்றலாம். எலிக்குக் கட்டி ஒன்றே நோய். அறுபது வயது மனிதருக்குச் சர்க்கரை நோய், ஆறாத புண், மூட்டு வீக்கம் எல்லாம் சேர்ந்தே இருக்கும்.

மூன்றாவது தடை தடுப்பாற்றல். பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை ஒத்த வரிசைகளை நம் உடல் ஆபத்து என்று அடையாளம் காண்கிறது. தடுப்பூசிக்கு உதவும் இந்த இயல்பு, மருந்து வண்டிக்கு இடையூறு.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2017இல் ஜெர்மனியின் ஹென்ட்ரிக் டீட்ஸ் குழுவினர், குட்டை இழைகளையும் வைரஸ் வழியாகவே பெருந்தொகையாக வளர்த்தெடுக்கும் முறையைக் காட்டியபின், விலை என்ற தடை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஒவ்வொரு தொகுதியும் அணுவளவும் மாறாமல் ஒன்றுபோல் இருக்கிறது என்று மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் நிரூபிப்பதே இனிமேல் கடினமான பகுதி.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள்

ஒரிகாமி வரவில்லை என்றாலும் அதன் உறவினர்கள் இருவர் மனித உடலுக்குள் வந்திருக்கிறார்கள். இருவரின் அனுபவமும் பாடம் தருகிறது.

2018இன் எலி ஆய்வில் பூட்டாகப் பயன்பட்ட ஆப்டமர், அதற்கு முன்பே தனி மருந்தாக மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது. முற்றிய சிறுநீரகப் புற்றுநோய் கொண்ட 35 பேரில் ஒருவருக்கு மட்டுமே கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. எலியில் சாவியைச் சரியாகக் கண்டுகொள்ளும் மூலக்கூறு, மனிதரிடம் தனித்து மருந்தாகிவிடாது என்பதை அது காட்டியது.

இரண்டாவது, சாட் மிர்கின் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய உருண்டை வடிவ நியூக்ளிக் அமிலம். தங்கத் துகளைச் சுற்றி ஆர்.என்.ஏ. இழைகளை முள்ளம்பன்றி போல நிறுத்தி, குளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றுநோய் கொண்ட 8 பேருக்கு இரத்தக் குழாய் வழியே செலுத்தினார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, கடுமையான நச்சு விளைவு ஏற்படவில்லை. பின்னர் அறுவை மூலம் எடுத்த கட்டியில் தங்கம் காணப்பட்டது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைத் தாண்டிக் கட்டிக்குள் அது சென்றிருக்கிறது என்பதற்கு அது சான்று. நோயைக் குணமாக்குகிறதா என்று பார்ப்பது அந்தச் சோதனையின் நோக்கமே அல்ல.

ஆகவே முதல் கேள்விக்கு விடை இது. ஒரிகாமிப் புற்றுநோய் மருந்து மனிதச் சோதனையின் மூன்று கட்டங்களையும் கடக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் ஆண்டுக்கணக்கில் நீளும். இன்று சிகிச்சையில் இருப்பவரின் கால அட்டவணைக்குள் அது வராது.

தென்னாப்பிரிக்காவில் இப்போது கையில் இருப்பவை

காரங்கள் இணை சேரும் அதே விதியில் இயங்கும் பரிசோதனைகள் இங்கே ஏற்கெனவே நடக்கின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசின் டி.என்.ஏ.வைத் தேடும் சோதனை அவற்றுள் ஒன்று. அரசுக் கிளினிக்குகளில் 30 வயதிலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறையாக மூன்று பாப் ஸ்மியர் சோதனைகள் (கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்ப்பவை) இலவசமாகச் செய்யப்பட்டு வந்திருக்கின்றன; எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இடைவெளி இன்னும் குறைவு. எச்.பி.வி. தடுப்பூசி 2014 முதல் அரசுப் பள்ளிகளில் சிறுமிகளுக்குப் போடப்படுகிறது. பெண்கள் கூச்சத்தால் இந்தச் சோதனைகளைத் தவிர்ப்பது நம் குடும்பங்களில் இன்றும் உண்டு. எந்த டி.என்.ஏ. பெட்டியும் திறக்காத ஒரு பூட்டு அது, எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் அதுவே.

அடுத்தமுறை இத்தகைய செய்தி கைக்கு வரும்போது மூன்றைப் பார்க்கலாம்: சோதனை செல்களிலா, எலியிலா, மனிதரிலா நடந்தது, எத்தனை பேரிடம் நடந்தது, ஒப்பிட்டது எதனோடு. யாராவது ‘நானோ டி.என்.ஏ. சிகிச்சை’ தருவதாக அழைத்தால், இந்நாட்டில் மருந்துகளுக்கும் மருந்துச் சோதனைகளுக்கும் அனுமதி தருவது தென்னாப்பிரிக்க மருத்துவப் பொருட்கள் ஒழுங்குமுறை ஆணையம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மனிதச் சோதனைகள் தேசிய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எண்ணோடு பதியப்படுகின்றன. அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, நோயாளியை ஏற்கெனவே கவனித்து வரும் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிய பிறகே எந்தப் படிவத்திலும் கையெழுத்திட வேண்டும்.